மாரிக்கனியின் நெற்றிக்கோடு

வெயிலாங்குளத்தில் முதல் சுருக்கம் கழன்று வந்தது தை மாதத்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உரக்கடை மாடியில் இருக்கிற சீனித்தாயின் பியூட்டி பார்லரில்தான். ஊரில் அப்போது கரண்ட் இல்லை. சீனித்தாய் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டு, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் பிடித்து, தலைமையாசிரியர் வீட்டு சண்முகவடிவின் புருவத்துக்கு மேலே மயிர் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த முறுக்கில் மயிரோடு மயிராக நெற்றிச் சுருக்கம் ஒன்றும் சிக்கி, வெந்த சேமியா போல நெளிந்துகொண்டு, ஒரு சாண் நீளத்துக்கு உருவி வந்துவிட்டது.

சண்முகவடிவு கைக்கண்ணாடியை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நெற்றி வழவழவென்று இருந்தது. "மதினி, இதுக்கும் சேத்து அதே நாப்பது ரூவாதானே?" என்று கேட்டாள். சீனித்தாய் யோசித்துவிட்டு, அதேதான் என்றாள். மிச்சமிருந்த இரண்டையும் எடுத்துவிடச் சொல்லிச் சண்முகவடிவு மறுபடி சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், குழாயில் தண்ணீர் வருகிற நாளை ஏற்றுக்கொள்வது போலத்தான் ஏற்றுக்கொண்டது, அதாவது முதலில் வரிசையில் நின்றது, பிறகு வரிசையில் சண்டை போட்டது. உரக்கடை மாடிப்படியில் தொடங்கிய வரிசை பஸ் ஸ்டாப்பைச் சுற்றி டீக்கடை பெஞ்சு வரைக்கும் போனது. ரேஷன் கடைக்காரர் அட்டையில் இருந்த படத்தையும் எதிரில் நின்ற ஆளையும் மாறி மாறிப் பார்த்து, அம்மாவுக்குப் பதில் மகள் வரக்கூடாது என்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பினார். அவர் மனைவியே பார்லருக்குப் போய்வந்த பிறகு, முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் பார்த்து அரிசி போட ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பெண்ணின் அம்மாவைக் காட்டி எங்களுக்குச் சம்மதம் என்று சொல்ல, அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் காப்பித் தட்டு கவிழ்ந்து மாப்பிள்ளையின் வேட்டி வீணானது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நாற்பதைத் தாண்டிய பொம்பளையை நிறுத்தி வைத்து, என்ன இப்படி ஆயிட்டே, மூஞ்சியெல்லாம் வத்திப்போச்சே என்று கேட்க இந்த ஊரில் எவனுக்கும் நாக்குக் கூசியதில்லை. அப்படிக் கேட்டவனின் வழுக்கையைப் பற்றியோ தொப்பையைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன முகங்கள் அத்தனையும் அந்த மாசி முழுக்க மாடிப்படி ஏறின.

கழன்ற சுருக்கங்களை என்ன செய்வது என்று முதலில் சீனித்தாய்க்குத் தெரியவில்லை. குப்பையில் போட்டதில் ஒன்றைத் தின்ற தெருநாய் அன்றைக்கு மத்தியானம் முழுக்க எவன் வாசலையோ பார்த்து ஊளையிட்டது. அதற்கப்புறம் அவள் ஒவ்வொன்றையும் அந்த நூலோடு சேர்த்துச் சுற்றி, காலியான கிரீம் டப்பாக்களில் அடைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிப் பெயரெழுதி, அலமாரியில் அடுக்கினாள். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் சாமான் பிரித்து வைக்கிற பழக்கம்தான்.

டப்பாவில் இருப்பது என்ன என்று ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நூல் அவள் பல்லில் அல்லவா இருந்தது? உருவி வருகிற சுருக்கத்தின் ருசி நூல் வழியே அவள் நாக்கில் இறங்கியது. ருசியோடு சேர்ந்து அது விழுந்த நாளும் கண்ணுக்குள் வந்தது. சண்முகவடிவின் நெற்றியில் இருந்தது தீய்ந்த பால்: புருஷன் பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அவளைக் கன்னத்தில் அறைந்த நாள். ஒருத்தியின் கண்ணோரம் மண்ணெண்ணெய். இன்னொருத்திக்கு வெறும் உப்பு, அது என்னவென்று சொல்லாமல் விடுவதே அவளுக்குச் செய்கிற மரியாதை. சாயங்காலம் கடையைப் பூட்டும்போது சீனித்தாய் நாலு தடவை வாய் கொப்பளிப்பாள். போகாது.

நூல் உருவிய இடத்தில் அந்த நாளும் போய்விடுகிறது என்பதை அவள் மெல்லத்தான் கண்டுகொண்டாள். பதினெட்டு வருடம் புருஷனுக்குத் தட்டைத் தரையில் 'ணங்'கென்று வைத்த சண்முகவடிவு, இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டாளாம். தலைமையாசிரியர் இதை டீக்கடையில் வந்து சொன்னார். ஒருத்தனும் எதற்காக அவள் பதினெட்டு வருடம் தட்டை அப்படி வைத்தாள் என்று கேட்கவில்லை. மறுநாளே ஆம்பளைகள் தங்கள் மனைவிமாரை மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்து மாடிப்படியில் இறக்கிவிட ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் பார்லர் என்றாலே முகம் சுளித்த ஆட்கள், பூராவும் எடுத்துருங்க அக்கா, ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது என்று கீழே இருந்து குரல் கொடுத்தார்கள். சீனித்தாய்க்கு அப்போதே எரிந்திருக்க வேண்டும். ஆனால் அவள், மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டுமே, நிம்மதியாகத் தூங்குவார்களே என்று நினைத்தாள். தன் வாயோரத்தில் ஆழமாக விழுந்திருந்த கோட்டைக்கூட முதல் வாரமே அவள் எடுத்துவிட்டாள், நூலின் முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, கண்ணாடி பார்த்து, தனக்குத்தானே. பல்லில் நூல் இல்லாததால் அதற்கு மட்டும் ருசி தெரியவில்லை. சீனித்தாய் என்று பெயரெழுதிய டப்பா அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது.

ஊரில் படியேறாமல் இருந்தவள் மாரிக்கனி. பட்டாசு ஆலையில் பன்னிரண்டு வருடம் திரி வெட்டியவள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்த ஆலையில் மூன்றாம் ஷெட் தீப்பிடித்தபோது உள்ளே இருந்து கரிந்துபோன ஏழு பெண்களில் ஒருத்தி அவளுடைய தங்கச்சி அன்னக்கிளி. பின்கதவு திறந்துதான் இருந்தது, பயத்தில் இவர்கள்தான் வழி தெரியாமல் முட்டி மோதிச் செத்தார்கள் என்றது ஆலை. பூட்டியிருந்தது, பக்கத்து ஷெட்டிலிருந்து நான் என் கண்ணால் பார்த்தேன் என்றாள் மாரிக்கனி. கலெக்டர் ஆபீசிலும் சொன்னாள், டீக்கடையிலும் சொன்னாள், ஆறுதல் சொல்ல வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுடைய இரண்டு புருவத்துக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, அரிவாளால் கொத்தியது போல, விழுந்திருந்தது. பங்குனிக்கு முன்னால், மார்ச் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணை. அவளையும் சேர்த்து ஒன்பது பெண்கள் சாட்சி. அந்தக் கதவைப் பூட்டியது யார் என்பது அன்றைக்கு எழுத்தில் ஏறினால் உண்டு, இல்லையென்றால் ஏழு பேரும் தங்கள் முட்டாள்தனத்தால் செத்தவர்களாகவே காகிதத்தில் இருப்பார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் முதலாளியின் மனைவி கமலவேணி அம்மாள் கார் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவந்தாள். அவள் வீட்டுச் சமையல்காரி மூன்றாம் ஷெட்டில் மகளைப் பறிகொடுத்தவள். அன்று முதல் முதலாளியம்மாளை நிமிர்ந்து பார்க்காதவள், பார்லருக்குப் போய்வந்த மறுநாள் பாட்டுப் பாடிக்கொண்டே ரசம் வைத்தாள். கமலவேணி அம்மாள் அடுக்களை வாசலில் நின்று அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் கேட்டாள். அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

"பாவம் சீனித்தாய், நம்ம ஆலைப் பொம்பளைங்க. வேல பாத்துப் பாத்து மூஞ்சியெல்லாம் கருகிக் கெடக்கு. மகளிர் தினத்துக்கு அவங்களுக்குன்னு ஒரு முகாம் போடலாம்னு இவுக சொல்றாக. நம்ம மண்டபத்துலயே வெச்சிக்கிருவோம். எல்லாம் இலவசம்."

சனிக்கிழமை ஆலைக் கல்யாண மண்டபத்து வாசலில் சீனித்தாயின் படம் போட்ட பிளெக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். பதினேழு வருடம் புருவம் எடுத்தும் அவள் படத்தை யாரும் போர்டில் போட்டதில்லை. அவள் அதை இரண்டு தடவை நின்று பார்த்தாள். தெரிந்தே செய்தாள் என்று சொன்னால் அது பாதிப் பொய். தெரியாமல் செய்தாள் என்றால் முழுப் பொய்.

முப்பத்தோராவது ஆளாக மாரிக்கனி வந்து உட்கார்ந்தாள்.

"புருவத்த மட்டும் சீராக்கி விடு மதினி. புதன்கெழம ஆர்.டி.ஓ. முன்னாடி நிக்கணும். போன தடவ வாசல்ல இருந்த ஆளு என்னைய உதவித்தொக கேட்டு வந்த கெழவின்னு நெனச்சு ஓரமா ஒக்காரச் சொல்லிட்டான். எனக்கு நாப்பத்திநாலுதான ஆகுது? ஆளு பாக்க ஒழுங்கா இருந்தாத்தான் சொல்றத காதுல வாங்குவாக."

கமலவேணி அம்மாள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "நடுவுல அந்தக் கோடுதான் மாரிக்கனி உன்னைய வயசாளியாக் காட்டுது. அத எடுத்துரு சீனித்தாய்."

"இதுவா?" மாரிக்கனி அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "எடுத்தா லச்சணமா இருப்பேனா மதினி?"

கல்யாணப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் சீனித்தாய்க்கு. "பத்து வயசு கொறஞ்சிரும்டி" என்றாள்.

நூல் போட்டு இழுத்தாள். கால்வாசி வரும்போதே நாக்கில் வெடிமருந்தும் துருப்பிடித்த இரும்பும் கரித்தது. மூன்றாம் ஷெட்டின் பின்கதவு, கொண்டியில் தொங்கும் கைப்பிடி அகலப் பூட்டு, சாவியை அரைஞாணில் செருகும் போர்மேன், அவனுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் முதலாளி: 'தண்ணி குடிக்கப் போறேன், ஒண்ணுக்குப் போறேன்னு ஓடிக்கிட்டே இருக்காளுக. ஒரு மணி வரைக்கும் தொறக்காத.' எல்லாம் சீனித்தாயின் கண்ணுக்குள் வந்தது. அந்த இடத்தில் அவள் நூலைக் கடித்துத் துப்பியிருக்க வேண்டும். ஆனால் புருவக்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு: போட்ட இழுப்பைப் பாதியில் விடமாட்டாள், பாதியில் விட்ட புருவம் கோணிக்கொள்ளும், அந்தக் கோணல் முகத்தோடு வாடிக்கைக்காரி ஊரெல்லாம் நடந்து பேரைக் கெடுப்பாள். கை தன் பாட்டுக்கு வேலையை முடித்தது. கோடு முழுசாக வந்துவிட்டது. மாரிக்கனி கண்ணாடியைப் பார்த்துச் சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு பார்லருக்கு வந்தாள். தலையில் பூ இருந்தது. ஒன்றரை வருடமாக வைக்காத பூ.

"நாளைக்கி ஆலை வேன்லயே போறோம் மதினி. மொதலாளியம்மாவே கூட்டிட்டுப் போறாக. ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும்னாக."

"ஏ மாரி, அந்தப் பூட்டு?"

"எந்தப் பூட்டு?"

"அன்னக்கிளி எப்படிடி செத்தா?"

"தீப்புடிச்சுச்சு, செத்தா. எல்லாருக்கும் ஒரு நாளு வரத்தான செய்யும்? இதப் போயி இழுத்துக்கிட்டுத் திரிஞ்சு என்ன ஆகப்போகுது? மிட்டாய் எடு மதினி."

அவள் போன பிறகு சீனித்தாய் அந்தப் பொட்டலத்தைச் சுவரில் வீசி அடித்தாள். அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். சுத்தமான, கண் சிவக்கிற ஆத்திரம். ஏழு பேரை எரித்ததும் இல்லாமல், எரித்ததைப் பார்த்தவளின் முகத்திலிருந்து அதைத் துடைக்க என் கையை அல்லவா கடன் வாங்கினார்கள், அதற்கு என் படத்தைப் போட்டுப் போர்டு வேறு வைத்தார்களே என்று பல்லைக் கடித்தாள். யாரைத் திட்டுவது என்று நிமிர்ந்தவளுக்கு எதிரே கண்ணாடிதான் இருந்தது. அதில் ஒரு கோடும் இல்லாத தன் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டு டப்பாவை எடுத்தாள். வாயோரத்தில் நூலோடு அந்தச் சுருக்கத்தை வைத்து அழுத்தினாள். வெடித்த நிலம் தண்ணீரைக் குடிப்பது போலத் தோல் அதைக் குடித்தது.

அப்போது தெரிந்தது. அவளும் அந்த ஆலையில் வேலை பார்த்திருக்கிறாள். பத்தொன்பது வயது வரைக்கும், இரண்டு வருடம், அதே ஷெட்டில். அப்போது இப்போதைய முதலாளியின் அப்பா முதலாளி. அதே பின்கதவு, அதே அகலத்தில் ஒரு பூட்டு. ஏன் பூட்டுறீங்க, ஒரு தீ கீ புடிச்சா எங்குட்டுப் போறது என்று கேட்டவள் அவள். வாயிலேயே ஓர் அறை விழுந்தது. மறுநாள் வேலையை விட்டு நின்றவள், ஏன் நின்றாய் என்று கேட்ட அம்மாவிடமோ, கட்டிக்கொண்டவனிடமோ, தனக்கு அப்புறம் அந்த ஷெட்டுக்குப் போன எந்தப் பெண்ணிடமோ அந்தப் பூட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்காத வாயின் ஓரத்தில் விழுந்த கோடு அது. அன்னக்கிளி வேலைக்குப் போன முதல் நாள் அவளுக்கு இலவசமாகப் புருவம் எடுத்துவிட்டதே சீனித்தாய்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

புதன்கிழமை பத்து மணிக்கு அவள் ஒயர்கூடையில் ஒன்பது டப்பாக்களோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருந்த புங்கமரத்தடியில் நின்றாள். வேன் வந்தது. ஒன்பது பெண்களும் ஒரே மாதிரி வழவழத்த முகங்களோடு இறங்கினார்கள். கமலவேணி அம்மாள் கடைசியாக இறங்கினாள்.

"மாரி, இது ஒன்னோடது" என்று சீனித்தாய் டப்பாவை நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு அது? நான் நல்லாத்தான இருக்கேன்?"

"என்ன சீனித்தாய் இது?" கமலவேணி அம்மாள் நடுவில் வந்தாள். "அவங்க நிம்மதியா இருக்காங்க. அதக் கெடுக்கணுமா?"

"அது ஒங்க நிம்மதிம்மா. அவளுக மூஞ்சியில கொண்டாந்து ஒட்டி வெச்சிருக்கீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க." அப்படி யாரும் கமலவேணி அம்மாளிடம் பேசியதில்லை. அவள் தள்ளித்தான் நின்றாள். சீனித்தாய் டப்பாவைத் திறந்து தரையில் வைத்து, இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். "வேணாம்னா சொல்லு. இங்கனக்குள்ளயே கொளுத்திருவோம். அப்புறம் கேட்டாலும் கெடைக்காது."

குச்சியைக் கிழித்தாள்.

பன்னிரண்டு வருடம் மருந்துக்குப் பக்கத்தில் இருந்த கை, தீக்குச்சியைக் கண்டால் மூளையைக் கேட்காது. மாரிக்கனி பாய்ந்து வந்து எரிகிற குச்சியை உள்ளங்கையாலேயே பொத்தி நசுக்கினாள். பிறகு, ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரியாமல், சுட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டடி பின்னால் போயிருந்தார்கள்.

"அதுக்குள்ள என்ன இருக்கு மதினி?"

"நீ கண்ணால பாத்தது இருக்கு."

"திரும்ப வெச்சா வலிக்குமா?"

"வலிக்கும்டி. பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவ பொய் சொல்லித்தான் எடுத்தேன்."

மாரிக்கனி புங்கமரத்து வேரில் உட்கார்ந்து நெற்றியைக் காட்டினாள். "வெய்யி" என்றாள்.

கோடு உள்ளே இறங்கியதும் அவள் போட்ட சத்தத்தில் ஆபீஸ் பியூன் வெளியே ஓடிவந்தான். மற்றவர்களில் ஆறு பேர் தங்கள் டப்பாவை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர், எங்களால் தாங்க முடியாது என்று சொல்லிவிட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

விசாரணை அறையில் முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆர்.டி.ஓ. முப்பது வயதுப் பெண். முதலில் மாரிக்கனியைக் கூப்பிட்டாள். மாரிக்கனி பூட்டின் அகலத்தைக் கைவைத்துக் காட்டினாள், சாவி இருந்த இடுப்பைக் காட்டினாள், 'ஒரு மணி வரைக்கும் தொறக்காத' என்று சொன்ன வாயை விரலை நீட்டிக் காட்டினாள், தீ பிடித்த பிறகு அன்னக்கிளி உள்ளே இருந்து அந்தக் கதவை எத்தனை தடவை தட்டினாள் என்று எண்ணிச் சொன்னாள். பதினாறு. முதலாளியின் கால் கீழே இறங்கியது.

"ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றாள் ஆர்.டி.ஓ. "இவ்வளவு துல்லியமா எப்படிம்மா ஞாபகம் இருக்கு?"

மாரிக்கனி மேசைமேல் குனிந்து தன் புருவ மத்தியைக் காட்டினாள். "இங்க இருக்கு தாயி. தொட்டுப் பாருங்க."

ஆர்.டி.ஓ. கையை நீட்டவில்லை. ஆனால் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பார்த்துவிட்டு எழுதினாள். அடுத்தடுத்து ஆறு பேர் வந்து சொன்னார்கள். அதையும் எழுதினாள். மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருத்தி, கடைசி ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்தாள்.

"பட்டியல்ல இருக்கிறவங்க முடிஞ்சிட்டாங்களா? வேற யாராவது சொல்ல வேண்டியது இருக்கா?"

அறைக்கதவு ஓரத்தில் நின்ற சீனித்தாய் வாயோரக் கோட்டைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். நாக்கில் ருசி வந்துவிட்டது. அது ரத்தம், பத்தொன்பது வயதில் உதடு கிழிந்தபோது முழுங்கியது.

"நான் இருக்கேம்மா" என்றாள். "இருபத்தேழு வருசத்துக்கு முந்தியே அந்தக் கதவுல பூட்டு இருந்துச்சு. எழுதிக்கோங்க."